கெச்சிக்கானிலிருந்து குமரனுக்கு

அன்புள்ள குமரனுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். அக்கா, மாப்பிள்ளை, குட்டி எல்லோரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடு.

அக்கா டிக்கெட் எடுத்த அலாஸ்கா கப்பலில் வந்திருக்கிறோம். இன்று காலை கெச்சிக்கான் என்ற சின்னத் துறைமுகத்தில் நின்றது. ஒரு தீவில் இருக்கிற ஊர். வெளியூருக்குச் சாலையே கிடையாது. படகில் வரவேண்டும், இல்லையென்றால் விமானத்தில். ஏறக்குறைய 8,000 பேர்தான் இருக்கிறார்கள். காலையில் நாலைந்து கப்பல் நின்றால் ஊரைவிடக் கூட்டம் பெரியதாகிவிடுகிறது.

இறங்கும்போதே மழை. நம் ஐப்பசி மழைபோல் அடித்துப் பெய்யவில்லை, பூவாளியில் ஊற்றுவதுபோல் நிற்காமல் பெய்துகொண்டே இருந்தது. சென்னையில் ஒரு வருடம் பெய்வதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இங்கே பெய்கிறது. துறைமுகத்தில் ஆளுயரத்தைத் தாண்டி ஒரு மழைமானிப் பலகை வைத்திருக்கிறார்கள். 1949இல் 202 அங்குலம் பெய்ததாம். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றாள். படம் அனுப்பினோம். நீ பார்த்தாய் என்று நீலக் குறி மட்டும் வந்தது. ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

ஊருக்கு நடுவே ஓர் ஓடை ஓடுகிறது. தண்ணீருக்கு மேலே மரக்கால் ஊன்றி வீடுகளும் கடைகளும் கட்டியிருக்கிறார்கள். எந்தத் தூணும் நேராக இல்லை, ஆனால் எல்லாம் நிற்கிறது. கீழே சால்மன் மீன் கூட்டம் கூட்டமாக நீரோட்டத்தை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது. முதுகு தேய்ந்து, தோல் வெளுத்துப்போன மீன்கள். கடலை விட்டு ஆற்றுக்குள் நுழைந்தபின் அவை எதுவும் தின்பதில்லையாம், சேர்த்து வைத்த உடம்பைக் கரைத்துக்கொண்டே ஏறுகின்றனவாம். அதைக் கேட்டதும் எனக்கு உன் நினைவுதான் வந்தது. கழுத்தெலும்பு தெரிகிறது என்று அம்மா உன் படத்தைப் பார்த்துச் சொன்னாள். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணிக்கு நீ பேசினாயே, அப்போது உன் பின்னால் குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற நாளாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இந்த ஊரில் 1954 முதல் ஒரு பெரிய காகிதக்கூழ் ஆலை ஓடியிருக்கிறது. சுற்றிலும் டோங்காஸ் காடு, அமெரிக்காவிலேயே பெரிய தேசியக் காடு. அங்கே வெட்டிய மரத்தை நம்பி ஓடிய ஆலை 1997இல் மூடப்பட்டது. எங்கள் பஸ் ஓட்டுநரின் தந்தை அதில் வேலை பார்த்தவர். மூடிய பிறகு பல வாரம் காலையில் சாப்பாட்டுப் பெட்டியோடு கிளம்பிப்போய்க் கடற்கரையில் உட்கார்ந்திருந்தாராம். வீட்டில் எல்லோருக்கும் தெரியுமாம், யாரும் அவரைக் கேட்கவில்லையாம். அக்கா மொழிபெயர்த்துச் சொல்லும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வேலை போவது யாருக்கும் அவமானம் இல்லை, தம்பி. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

அந்த பஸ் சாக்ஸ்மன் என்ற கிராமத்துக்குப் போனது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்களின் ஊர். குலச்சின்னங்கள் செதுக்கிய உயரமான மரத்தூண்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். எல்லாம் ரெட் சீடர் மரம். முப்பது வருடம் மரவாடியில் நின்றவன், தொடாமல் வரமுடியுமா? எடை குறைவு, ரேகை நேர்நேராக ஓடுகிறது, இவ்வளவு மழையிலும் எளிதில் உளுத்துப்போகாது. பட்டறையில் ஒருவர் நம் வாய்ச்சி போன்ற கருவியால் கொத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொத்துக்கும் நகக்கண் அளவு சீவல் தெறித்தது. ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். மிளகும் சாம்பிராணியும் கலந்ததுபோல் வாசம். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

அங்கே ஒரு தூணின் உச்சியில் சீவர்ட் என்ற அமெரிக்க அமைச்சர் உட்கார்ந்திருக்கிறார். 1867இல் ரஷ்யாவிடமிருந்து அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்க ஏற்பாடு செய்தவர். 1869இல் அலாஸ்காவுக்கு வந்தபோது டிலிங்கிட் தலைவர் ஒருவர் விருந்து வைத்துப் பரிசுகள் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் திருப்பிச் செய்வதுதான் அவர்கள் முறை. இவர் எதுவும் செய்யவில்லை. அதைச் சொல்லிக்காட்டத்தான் தூண் நட்டு, மூக்குக்கும் காதுக்கும் சிவப்பு பூசியிருக்கிறார்கள் என்றார் வழிகாட்டி.

எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்குக் கால் நகரவில்லை.

பெரியப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம் உனக்கு நினைவிருக்கும். வீட்டுப் பத்திரத்தை எப்படி மீட்டாய் என்று அவர் பந்தியில் கேட்டார். மரம் விற்ற பாக்கி வந்தது, மீட்டுவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ நாலு இலை தள்ளி சாம்பார் வாளியோடு நின்றாய். உன் இரண்டு வருடச் சம்பளம் அது. என்னைப் பார்த்தாய். குனிந்து அடுத்த இலைக்குப் பரிமாறப் போய்விட்டாய். அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை. பெற்றவன் பெருமைப்பட வேண்டிய பிள்ளை நீ. நான் அந்தப் பெருமையை எனக்கு எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்கும் நேற்றுவரை தெரியாது. இன்று பஸ்ஸில் சொன்னேன். அவள் கப்பல் வரும்வரை என்னோடு பேசவில்லை.

ஊர் திரும்பியதும் பெரியப்பாவிடம் நேரில் போய்ச் சொல்கிறேன்.

இன்னொன்று. மரவாடியைக் கொடுத்த பணத்தில் ஒரு பங்கை உன் பெயரில் வைப்புநிதியாகப் போட்டிருக்கிறேன். ரசீது பீரோ மேல்தட்டில், பழைய மரக்கணக்கு நோட்டுக்குள் இருக்கிறது. சாவி சித்தியிடம். நாங்கள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், போய் எடுத்துக்கொள். எதற்கு என்று நான் கேட்கமாட்டேன். அம்மாவையும் கேட்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

இரவு கண்விழிக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா