வடக்கு எந்தப் பக்கம் என்று எழுது

மன்னார்குடி
தை 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சம்பா அறுவடை நடக்கிறது. அப்பா அறுவடை மெஷினுக்கும் கொள்முதல் நிலையத்துக்குமாக அலைந்துகொண்டிருக்கிறார். அவர் பாட்டை அவரே போனில் பாடுவார், கேட்டுக்கொள். நான் நீ விமானத்திலிருந்து எடுத்து அனுப்பிய படங்களைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை. சர்வே ஆபீஸில் வரைவாளராக இருந்தவள் நான். நிலத்தை மேலேயிருந்து பார்த்தமாதிரி வரைவதற்குத்தான் சர்க்கார் எனக்குச் சம்பளம் கொடுத்தது. நாற்காலியைவிட உயரமாக எதிலும் ஏறாமலே அத்தனையும் வரைந்தேன். நீயோ நிஜமாகவே மேலே போய்ப் பார்க்கிறாய். விடுவேனா? மாமா பையனைக் கூப்பிட்டு எல்லாப் படத்தையும் லேப்டாப்பில் பெரிசுபண்ணித் தரச் சொல்லிப் பார்த்தேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். சூரியன் மறைகிற படங்கள் போதும். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை உங்கள் ஊர் விச்சிட்டாவில் தரையில் நின்றும் எடுக்கலாம், வேதாரண்யம் உப்பளத்துக் கரையில் நின்றும் எடுக்கலாம். விமானம் எதற்கு? அப்புறம், ஒரு படத்தில்கூட வடக்கு எது என்று நீ குறிக்கவில்லை. வடக்கு போடாத வரைபடத்தை எங்கள் ஆபீஸில் கையில்கூட வாங்கமாட்டார்கள்.

மேற்குக் கான்சஸில் எடுத்த வட்ட வயல் படத்தைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு பச்சை வட்டம். நடுவில் கிணறு, அதிலிருந்து கால் மைல் நீளத்துக்குச் சக்கரம் வைத்த குழாய், அது கடிகார முள்போலச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கிறது. ஃபிராங்க் ஸைபாக் என்ற விவசாயி 1952-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினாராம். நான் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். சதுரம் 160 ஏக்கர். வட்டத்துக்குள் வருவது ஏறத்தாழ 126. மீதி 34 ஏக்கர் நாலு மூலையிலும் தண்ணீர் எட்டாமல் நிற்கிறது. அதை அப்பாவிடம் சொன்னதும், "அது அஞ்சு வேலிடி!" என்றார். நம் பழைய நில அளவில் ஐந்து வேலிதான். திருவாரூரில் கோயில் ஐவேலி, குளம் ஐவேலி, ஓடை ஐவேலி என்று காலங்காலமாகப் பெருமை பேசுகிறோம். அவர்கள் ஒரு குழாய் எட்டவில்லை என்று அவ்வளவை மூலையில் விட்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரும் ஆற்றுத் தண்ணீர் இல்லை, ஒகல்லாலா என்கிற நிலத்தடி நீர். அது இறங்கிக்கொண்டே போகிறது என்று படித்தேன். உன் படத்தின் ஓரத்தில் சில வட்டங்கள் பழுப்பாக இருக்கின்றனவே, அவை அறுத்த வயலா, கிணறு வற்றிக் கைவிட்டவையா? அடுத்த தடவை அதே இடத்தை வேறு மாதத்தில் எடுத்தால் தெரிந்துவிடும்.

இன்னொரு படத்தை நீயே சாதாரணமாக நினைத்து அனுப்பியிருப்பாய். நேர் வடக்கே போகிற ஒரு மண் ரோடு, ஓர் இடத்தில் சட்டென்று பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து, மறுபடியும் வடக்கே போகிறது. உன் பறக்கும் கிளப்பில் யாருக்காவது அது ஏன் என்று தெரியுமா, கேட்டுப் பார். 1785-ல் சட்டம் போட்டு, அமெரிக்காவைச் சதுர மைல் சதுர மைலாக வெட்ட ஆரம்பித்தார்கள். பூமி உருண்டை. வடக்கே போகப்போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்கி வரும், சதுரம் சதுரமாக நிற்காது. அதனால் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை திருத்தக்கோடு ஒன்று போட்டு, அங்கிருந்து புதிதாக அளந்தார்கள். அந்தத் திருத்தம்தான் ரோட்டில் வளைவாக நிற்கிறது. பூமி உருண்டை என்பதற்கு ரோடே சாட்சி! உங்கள் ஊர் மெரிடியன் அவென்யூவும் அந்த சர்வேயின் ஆறாவது முதன்மைத் தீர்க்கக்கோட்டின்மேல்தான் போகிறது. வண்டி ஓட்டும்போது நினைத்துக்கொள்.

நிலம் அளக்க அவர்கள் இழுத்ததும் நாங்கள் இழுத்ததும் ஒரே சங்கிலி, தெரியுமா? கன்டர் செயின். 66 அடி, 100 லிங்க். 80 செயின் ஒரு மைல், பத்துச் சதுரச் செயின் ஒரு ஏக்கர். எங்கள் பழைய புலப்படங்களில் அளவெல்லாம் லிங்க்கில்தான் இருக்கும். அதே சங்கிலி அங்கே போய் நேராக ஓடியது, எதிரே வந்ததை மதிக்கவில்லை. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த சனங்களைக் கேட்டா கோடு போட்டார்கள்? இங்கே அது ஒவ்வொரு வாய்க்காலிடமும் தோற்றது. நம் பாமணியாற்றங்கரைச் சர்வே எண் ஒன்றை எடுத்துப் பார். நாலு மூலையோடு ஒரு வயல் கிடைக்காது. எட்டு மூலை, பத்து மூலை, நடுவில் வாய்க்கால் புறம்போக்கு, அது தாண்டியதும் வேறு உட்பிரிவு. தண்ணீர் முதலில் வரைந்துவிட்டது, சர்வேயர் பின்னாலேயே போய்க் கல் நட்டார். புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள் திட்டிக்கொண்டேதான் வரைவார்கள்.

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வரும்போது மேகத்தின்மேல் எடுத்தாயே, விமான நிழலைச் சுற்றி வானவில் வளையம், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. மேகத்தில் இருக்கிற நுண்ணிய நீர்த்துளிகள் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் வருவது. சூரியனுக்கு நேர் எதிர்ப்புறம் மட்டும்தான் தெரியும். வளையத்தின் மையம் பார்க்கிறவருடைய தலையின் நிழல் விழுகிற இடம். நிழலைப் பெரிசுபண்ணிப் பார்த்தால் மையம் இறக்கைக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. அப்படியானால் நீ அங்கேதான் உட்கார்ந்திருந்தாய். உன் பக்கத்து சீட்டுக்காரர் படம் எடுத்திருந்தால் வளையமும் அவரோடு ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

ஆனால் அதே வளையத்தை நீ ஓட்டுகிற சின்ன விமானம் செஸ்னாவிலிருந்தும் எடுத்திருக்கிறாயே, கீழே முழுக்க வெள்ளை மேகம். அப்போது இறங்க ஓட்டை இருந்ததா? கருவிகளை மட்டும் நம்பி மேகத்துக்குள் இறங்குகிற உரிமம் உனக்கு இன்னும் வரவில்லையே. இதற்குப் பதில் எழுது. சிரிப்புப் படம் போட்டு மழுப்பாதே.

2024 ஏப்ரல் 8 கிரகணத்துக்கு மாப்பிள்ளையோடு மிசோரிக்குப் பறந்துபோய் எடுத்தது நல்ல வேலை. சூரியனைப் பெரிசாக எடுக்கப் பார்க்காமல், அடிவானத்திலிருந்து நிழல் வருவதை எடுத்தாயே, அதுதான் மேலே போனவர்களுக்கு மட்டும் கிடைப்பது. ஒரு பக்கம் வயலெல்லாம் வெயில், மறுபக்கம் ராத்திரி. உன் செஸ்னா துரத்தினாலும் அந்த நிழலைப் பிடிக்க முடியாது. அப்பாயி இருந்திருந்தால் தட்டில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்திவைத்து, சோற்றுப் பானையில் தர்ப்பையைப் போட்டிருப்பார். பேத்தி கிரகணத்துக்குள்ளேயே பறந்தாள் என்றால் என்ன சொல்லியிருப்பாரோ.

விமானத்தின் முன்விசிறி இறக்கை வாழைப்பழம் மாதிரி வளைந்த படத்துக்கு ஏன் பயந்தாய்? போன் கேமரா படத்தை வரிவரியாகப் படிக்கிறது, அதற்குள் விசிறி சுற்றிவிடுகிறது, அவ்வளவுதான். கண்ணாடியில் எண்ணெய் சிந்தியமாதிரி வண்ணங்கள் தெரிகிற படத்தில் லென்ஸ்மேல் இருந்த போலரைசர் ஃபில்டரைக் கழற்று. விமான ஜன்னல் பிளாஸ்டிக், அதன் இறுக்கம்தான் அப்படித் தெரிகிறது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுத்தால் உன் நிழலும் கண்ணாடியில் விழாதாம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். அந்தத் திருச்சி விமானத்தில் ஸ்ரீரங்கத்தையும் எடுத்திருக்கிறாய். முக்கொம்பில் ஆறு பிரிந்து, கொள்ளிடம் ஒரு பக்கம், காவிரி ஒரு பக்கம், நடுவில் தீவு. ஏழு பிராகாரமும் பெட்டிக்குள் பெட்டியாகத் தெரிகிறது. ஆனால் 236 அடி ராஜகோபுரம் எங்கே? தேடித்தான் கண்டுபிடித்தேன், நிழலை வைத்து. அங்கேதான் எனக்கு ஒன்று தோன்றியது. மன்னார்குடி மதிலழகு, திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு என்கிறார்களே, எல்லாம் தரையில் நின்று அண்ணாந்து பார்த்தவன் சொன்னது. மேலே போனால் மதில் ஒரு கோடு, தேர் ஒரு புள்ளி. நம் ஹரித்ராநதி தெப்பக்குளம்தான் ஊரையே தூக்கிச் சாப்பிட்டுவிடும். உயரமாகக் கட்டினதெல்லாம் மேலேயிருந்து பார்த்தால் படுத்துவிடுகிறது, தோண்டி வைத்ததெல்லாம் எழுந்து நிற்கிறது. ராஜாக்கள் இதை யோசித்திருக்கமாட்டார்கள்.

எனக்கு வேண்டிய படம் ஒன்று இருக்கிறது. நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு. வெண்ணாறு வந்து, அங்கே கோரையாறும் பாமணியாறும் பிரிகிற இடம். பாலத்தில் நின்றால் ஷட்டர்கள் தெரியும், தண்ணீர் இரைச்சல் கேட்கும், ஆனால் பிரிவு ஒரே பார்வையில் பிடிபடாது. மேட்டூர் திறந்து தண்ணீர் வந்த பிறகு, நேர் மேலேயிருந்து ஒரு படம். அப்படியே பாமணியாற்றோடு போய் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரைக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னந்தோப்புகளில் எது திரும்பி வந்திருக்கிறது, எது வரவில்லை என்பதையும் அதில் பார்த்துவிடலாம். ஆனால் இங்கே நினைத்தபோது ஒரு செஸ்னாவில் ஏறிச் சுற்ற முடியாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் வேறு இருக்கிறது. மாமா பையன் டிரோனுக்கு மனு போடுகிறேன் என்கிறான். பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. அலாஸ்காவில் கீழே நிற்கிற மூஸ் மானைப் பார்த்துக்கொண்டே சின்ன விமானத்தில் வட்டமடித்து, வேகம் குறைந்ததைக் கவனிக்காமல், இறக்கை தாங்காமல் விழுந்தவர்கள் உண்டு என்று படித்தேன். மானுக்குப் பதில் கேமரா இருந்தாலும் அதேதான். உன் வட்ட வயல் படத்தில் இறக்கை நன்றாகச் சாய்ந்திருக்கிறது, படமும் உன் சீட் பக்கத்து ஜன்னல் வழியாக எடுத்தது. அப்போது ஓட்டியது யார்? மாப்பிள்ளை பக்கத்தில் சும்மாதானே உட்கார்ந்து வருகிறார். கேமராவை அவர் கையில் கொடு, அவருக்கு எங்கே வேண்டுமோ அங்கே நீ விமானத்தைக் கொண்டுபோ. படம் கொஞ்சம் கோணலாக வந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன் என்று அவரிடம் சொல்.

திருத்தக்கோட்டு ரோடு படத்தைப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டு, ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடு. பின்பக்கம் பென்சிலால் தேதி, உயரம், வடக்கு மூன்றையும் எழுது. பழைய ஆபீஸ் தோழிகள் இருவர் பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இப்படிக்கு,
அம்மா