ஹகுரோ மலையில் என் கையைப் பிடித்து இறக்கிவிட்ட அம்மாவுக்கு

ஜப்பானின் யமகதா பகுதியில் உள்ள ஹகுரோ மலைக்குத் தனியாகப் போயிருந்தேன். உயரம் 414 மீட்டர்தான், ஆனால் கல்படிகள் 2,446. ஹகுரோவையும் சேர்த்து அங்குள்ள மூன்று புனித மலைகளின் தெய்வங்களையும் ஒன்றாக வைத்திருக்கும் உச்சிக் கோயிலை, அந்தக் கனத்த கூரைவேய்ந்த கோயிலை, மனம் நிறையக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். மழை தூறியது. கீழிருந்து இரண்டாவதான செங்குத்துச் சரிவில் பாசியில் கால் வழுக்கி, கணுக்கால் பிசகிவிட்டது.

அம்மா, நீங்கள் மேலே ஏறி வந்துகொண்டிருந்தீர்கள். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, நீங்களும் எதுவும் கேட்கவில்லை. கழுத்துத் துண்டை எடுத்து என் காலில் இறுகக் கட்டினீர்கள். உங்கள் ஊன்றுகோலை என் கையில் கொடுத்தீர்கள். அப்புறம், வந்த வழியே திரும்பிவிட்டீர்கள். உங்களுக்கு எழுபது வயதாவது இருக்கும். ஒவ்வொரு படிக்கும் முன்னால் இறங்கி நின்று, தோளைக் காட்டினீர்கள்.

ஐந்தடுக்கு கோபுரத்தின் அருகே வந்ததும் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தீர்கள். வர்ணம் பூசாத அந்த மரக் கோபுரத்தை, சுகி என்னும் உயர்ந்த ஊசியிலை மரங்களுக்கு நடுவே, உங்களோடு பார்த்ததுதான் என் நினைவில் நிற்கிறது. பிறகு சிவப்புப் பாலம், கடைசியாக வாசல்வரை ஏறும் படிகள். பேருந்தில் ஏற்றிவிட்டுத்தான் போனீர்கள்.

நான் சாமி பார்த்துவிட்டேன். நீங்கள் பார்க்காமல் திரும்பினீர்கள். உங்கள் துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன். யாராவது இந்தக் கடிதத்தை அந்த அம்மாவிடம் சேர்த்தால் போதும். ரொம்ப நன்றி, அம்மா.