எந்த மெஷின் ஹெட் வாங்குவது?

தோ பாயோ, சிங்கப்பூர்,
நவம்பர் 2025

அன்பு மச்சான்,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பண்டிகைச் சந்தடியில் உடனே பதில் போட முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உன் மகன் டர்ன்டேபிள் வாங்கிக் கொடுத்த கதை, நீ எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். "அவருக்குப் பழைய பைத்தியம் திரும்பிடுச்சுக்கா" என்று தங்கச்சி அனுப்பிய குரல்பதிவை என் வீட்டுக்காரி எனக்குப் போட்டுக் காட்டினாள். பின்னால் நீ வைத்திருந்தது டீப் பர்பிளின் 'ஹைவே ஸ்டார்'. எந்தப் பதிப்பு என்பதுதான் போன் ஸ்பீக்கரில் பிடிபடவில்லை.

இங்கே எல்லாரும் சுகம். மூத்தவளுக்குத் தெங்காவில் அரசாங்க பிடிஓ வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது, இப்போது ரெனோவேஷன்காரரோடு தினமும் மல்லுக்கட்டு. நான் துறைமுக வேலையை விட்டாயிற்று. இடது காதில் ஓயாமல் ஒரு ரீங்காரம். டாக்டர் வயசு என்கிறார், வீட்டுக்காரி ரிச்சி பிளாக்மோர் கிட்டார் என்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். டீப் பர்பிளின் மெஷின் ஹெட் ஆல்பம் இத்தனை விதமாகக் கிடைக்கிறதே, எதை வாங்குவது என்கிறாய். ஒரே இசைத்தட்டு, 1972இல் வந்த அதே மிக்ஸ், அதை வாங்கு. பெட்டி, புத்தகம், போஸ்டர் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு முன் ஒன்று: ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு. கடையில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்பார்கள். ரீமாஸ்டர் என்றால் முடிந்துபோன ஸ்டீரியோ டேப்பை எடுத்துச் சுத்தம் செய்து, தட்டுக்கோ சிடிக்கோ ஏற்றவாறு சரிப்படுத்துவது. ரீமிக்ஸ் என்றால் கிட்டார், டிரம்ஸ், குரல் எல்லாம் தனித்தனியாக இருக்கும் மூல டேப்புக்கே போய், எது முன்னே, எது பின்னே என்று முதலிலிருந்து கட்டுவது. முன்னது நல்லவர் கையில் அமைந்தால் பழைய ஆல்பமே பளிச்சென்று கேட்கும். பின்னதில் கேட்பது வேறு ஆல்பம். நன்றாகவும் இருக்கலாம், ஆனால் நாம் பதினாறு வயதில் கேட்டது அது இல்லை.

அந்த ஆல்பம் உருவான விதம் உனக்கே தெரியும். 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ போய் இறங்குகிறார்கள். ரெக்கார்டிங் நடக்கவேண்டிய கசினோவில் ஃபிராங்க் ஸாப்பா கச்சேரி. எவனோ கூரையைப் பார்த்து ஃபிளேர் துப்பாக்கியால் சுட, கட்டடமே சாம்பல். கடைசியில் குளிர்காலத்துக்கு மூடிக்கிடந்த கிராண்ட் ஹோட்டலின் நடைவழியில் மெத்தைகளைச் சாத்திவைத்து வாசித்தார்கள். ரெக்கார்டிங் மெஷின் இருந்ததோ வெளியே நின்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரெக்கார்டிங் வண்டியில். வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறை, பால்கனி, படிக்கட்டு என்று ஹோட்டலையே சுற்றிப் போகவேண்டும். போய்ப் போய் அலுத்து, கேட்பதையே விட்டுவிட்டார்களாம். சரியாக வந்திருக்கும் என்ற நம்பிக்கையில் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தத் துணிச்சல்தான் தட்டில் இருக்கிறது. டிரம்மர் இயன் பேஸின் ஸ்நேர் டிரம் சத்தம் எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காத ஓர் உலர்ந்த சத்தம், ஆளில்லாத ஹோட்டலின் சத்தம். ரீமிக்ஸ் செய்கிறவர் முதலில் கை வைப்பது அதில்தான்.

1997இல் வெள்ளிவிழாப் பதிப்புக்கு ரோஜர் குளோவரே ரீமிக்ஸ் செய்தார். பேஸ் கிட்டார் வாசித்தவரே செய்ததால் குறை சொல்ல மனம் வரவில்லை; அதே பெட்டியில் பழைய மிக்ஸும் இருந்தது, அது நியாயம். 2024இல் வந்த பெரிய பெட்டிக்கு ரீமிக்ஸ் செய்தவர் ட்வீசில் ஸாப்பா. அப்பா கச்சேரியில் பிடித்த தீயில் பிறந்த ஆல்பத்துக்கு மகன் மிக்ஸ்! கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? ஆல்பம் எனக்கு அவ்வளவு நன்றாகக் கேட்கவில்லை. எல்லாம் மூக்குக்கு முன்னால் வந்து நிற்கிறது, ஜான் லார்டின் ஆர்கன் உறுமுவதற்கு இடமில்லை. ஆனால் அந்தப் பெட்டியில் 1971 ஏப்ரலில் அதே கசினோவில் அவர்கள் வாசித்த கச்சேரி இருக்கிறது, அந்தக் கட்டடம் எரிவதற்குச் சில மாதங்கள் முன்பு. அதற்காகப் பெட்டி வாங்கினேன் என்று சொல்லித்தான் வீட்டில் சமாளித்தேன்.

ரீமாஸ்டர் எல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடாதே. தொண்ணூறுகளின் பாதியிலிருந்து வந்த சிடிக்களில் பல, சத்தத்தை ஏற்று ஏற்று என்று ஏற்றி, மெதுவான இடமும் பலமான இடமும் ஒன்றாகிப் போனவை. ஊரில் பழைய கற்கோயில்களைச் சுத்தம் செய்கிறேன் என்று மணலைப் பீய்ச்சி அடித்து, சிற்பத்தின் மூக்கையும் கல்வெட்டின் எழுத்தையும் மழுங்கடித்தார்களே, அந்த வேலை. டீப் பர்பிளின் மேட் இன் ஜப்பான் கச்சேரி ஆல்பத்தில் பாட்டுகளுக்கு நடுவே பாடகர் கில்லன் ஒரு வேடிக்கை செய்வார் ஞாபகமிருக்கிறதா? எல்லாச் சத்தமும் மற்ற எல்லாச் சத்தத்தையும்விடக் கூடுதலாக வேண்டும் என்று கேட்பார். அதைச் சில இஞ்சினியர்கள் நிஜமென்றே எடுத்துக்கொண்டார்கள். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் டெத் மேக்னெட்டிக்கில் சத்தம் நொறுங்கி, அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ வீடியோ கேமில் தெளிவாக இருக்கின்றன என்று ரசிகர்கள் கண்டுபிடித்த கூத்தும் நடந்தது.

மேட் இன் ஜப்பான் என்றதும் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் நாம் வாங்கிய திருட்டு கேசட்தான் கண்ணில் நிற்கிறது. மங்கிப்போன ஜெராக்ஸ் அட்டை, அதில் லார்டின் தலை மட்டும் கறுப்புத் திட்டாக. எல்பி ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல், கேசட் அறுபது நிமிடம். 'ஸ்பேஸ் டிரக்கின்' நடுவில் படக்கென்று நிற்கும். பாட்டே அப்படித்தான் என்று நீ பள்ளியில் ஒருத்தனிடம் சண்டை போட்டாய்! 1987இல் காப்புரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கடைகள் ஒழிந்தன. ஒழிந்தது நல்லதுதான், ஆனால் அவை இல்லாவிட்டால் நமக்கு ஏது டீப் பர்பிள்?

இந்த ஆகஸ்டில் அதற்கும் பெரிய பெட்டி வந்திருக்கிறது. ஸ்டீவன் வில்சன் புதிதாக மிக்ஸ் செய்தது ஒரு பக்கம். மறு பக்கம் 1972 ஆகஸ்ட் 15, 16 ஒசாகா, 17 டோக்கியோ, மூன்று இரவும் முழுசாக. ஆல்பத்தின் பெரும்பகுதி 16ஆம் தேதியிலிருந்து எடுத்தது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' மட்டும் முதல் இரவு, 'தி மியூல்', 'லேசி' இரண்டும் டோக்கியோ. மூன்றையும் வரிசையாகக் கேட்டால், ஒரே பாட்டை பிளாக்மோர் இரண்டு இரவு ஒரே மாதிரி வாசிக்கவில்லை என்பது தெரியும். இதற்குக் காசு கொடுக்கலாம். மறுபதிப்பு என்றால், நமக்கு மறைந்து கிடந்த ஒன்றைக் கொண்டுவந்து வைக்கவேண்டும். இருக்கிறதை எடுத்துவிடக் கூடாது.

எடுத்துவிட்டதற்குத்தான் ஆசி ஆஸ்போர்ன் கதை. ஜூலை 5ஆம் தேதி பர்மிங்காம் வில்லா பார்க்கில் சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாடினாரே, அதை நீயும் பார்த்திருப்பாய். பழைய பிளாக் சாபத் நால்வரும் சேர்ந்து. 22ஆம் தேதி போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. ஆனால் செத்தவரைப் பற்றி என்றாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பிளிசார்ட் ஆஃப் ஓஸ், டயரி ஆஃப் எ மேட்மேன் இரண்டையும் 2002இல் திரும்ப வெளியிட்டபோது, ராயல்டி வழக்குப் போட்டிருந்த பாப் டெய்ஸ்லியின் பேஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் டேப்பிலிருந்தே துடைத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹீயோவையும் மைக் போர்டினையும் வாசிக்கச்சொல்லி ஒட்டினார்கள். வந்த இருவரும் சாதாரண ஆட்கள் இல்லை. இருந்தாலும் கிட்டாரிஸ்ட் ராண்டி ரோட்ஸ் எந்தக் கையோடு சேர்ந்து வாசித்தாரோ அந்தக் கை அங்கே இல்லையே. செத்துப்போன பையன் முன்பின் தெரியாதவர்களோடு வாசிக்கிற மாதிரி கேட்கும். 2011 பதிப்பில்தான் பழையபடி திரும்பியது. எங்கேயாவது 2002 சிடி மலிவாகக் கண்ணில் பட்டால் தொடாதே.

இந்த கெர்ஸ்லேக் யார் தெரியும்தானே? யூரியா ஹீப் டிரம்மர், உன் டீமன்ஸ் அண்ட் விசர்ட்ஸில் வாசிப்பவர். புற்றுநோயில் கிடந்தபோது, சாவதற்குள் அந்த இரண்டு ஆல்பத்தின் பிளாட்டினம் தட்டும் என் சுவரில் தொங்கவேண்டும் என்று ஆசிக்கு எழுதிக் கேட்டார். 2019 தொடக்கத்தில் ஆசி அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு செப்டம்பரில் கெர்ஸ்லேக் போய்விட்டார். அந்த மட்டில் ஆசி மேல் எனக்குக் கோபம் பாதி தணிந்தது.

ஸீஸீ டாப் பற்றிக் கேட்டிருந்தாய். 1987இல் வந்த சிக்ஸ் பேக் சிடிப் பெட்டியை வாங்காதே. எண்பதுகளின் ஃபேஷனுக்குப் பழைய ஆல்பங்களின் டிரம்ஸில் எதிரொலியைக் கொட்டி, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கி வைத்தார்கள். ட்ரெஸ் ஹோம்ப்ரேஸ் 2006 சிடியில் ஒரிஜினல் மிக்ஸ் இருக்கிறது. எல்பி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு.

மெட்டாலிகாவின் ஜஸ்டிஸ் ஆல்பத்தில் ஜேசன் நியூஸ்டட்டின் பேஸ் கேட்கவே கேட்காது. 2018 மறுபதிப்பிலும் அதை ஏற்றவில்லை. எனக்கு அந்த ஆல்பம் அரைவயிறுச் சாப்பாடுதான். இருந்தாலும் தொடாமல் விட்டது சரி. பேஸ் வேண்டுமென்றால் ரசிகன் வீட்டில் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கேட்டுக்கொள்ளட்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு நானே ஒரு ரீமிக்ஸைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறேன், கேள். சாபத்தில் டோனி மார்ட்டின் பாடிய காலத்து ஆல்பங்கள் பல வருஷம் கடையில் கிடைக்காமல் கிடந்தன. 2024 மே மாதம் ஆனோ டோமினி என்று பெட்டியாக வந்தது: ஹெட்லெஸ் கிராஸ், டிர், கிராஸ் பர்ப்பசஸ், ஃபர்பிடன். ஹெட்லெஸ் கிராஸில் கோசி பவல் டிரம்ஸ், ஒரு பாட்டில் குவீன் குழுவின் பிரையன் மே வந்து சோலோ வாசித்துவிட்டுப் போவார். பாடகர் டியோ இல்லாத சாபத் சாபத்தே இல்லை என்று நீ அடிக்கடி சொல்வாயே, அந்த ஆல்பத்தை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஒருதரம் கேட்டுவிட்டுப் பேசு. ஃபர்பிடன் 1995இல் வந்தபோது டப்பாச் சத்தம். அதை சாபத் கிட்டாரிஸ்ட் ஐயோமியே உட்கார்ந்து ரீமிக்ஸ் செய்திருக்கிறார், கிட்டாருக்கு உயிர் வந்துவிட்டது. வாசித்தவனே, இது நான் வாசித்த மாதிரி இல்லை என்று சொல்லித் திருத்தினால் யார் மறுக்க முடியும்?

லெட் ஸெப்பெலின் பற்றி உன் அண்ணனிடம் வாயைத் திறக்காதே. 1972 பிப்ரவரியில் இங்கே வாசிக்க வந்தவர்களை முடி நீளம் என்று உள்ளே விடாமல் திருப்பி அனுப்பியதை அவர் இன்னும் மன்னிக்கவில்லை. நீள முடி ஆண்களுக்குக் கடைசியில்தான் சேவை என்று அரசாங்க அலுவலகங்களில் போஸ்டர் ஒட்டிய காலம். அதே வருஷம் அந்தக் குழுவின் பேஜும் பிளான்ட்டும் பம்பாய் போய், அங்கத்திய வாத்தியக்காரர்களை வைத்து 'ஃபிரெண்ட்ஸ்', 'ஃபோர் ஸ்டிக்ஸ்' இரண்டையும் பதிவு செய்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் திருட்டு டேப்பாகவே திரிந்த அது, 2015இல் கோடா ஆல்பத்தின் மறுபதிப்பில்தான் முறையாக வந்தது. தபலா மேல் அந்த ரிஃப் ஏறி வரும்போது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பேஜ் 2014, 2015இல் எல்லா ஆல்பத்தையும் இப்படித்தான் செய்தார்: பழையதை அப்படியே சுத்தமாக ஒரு தட்டு, அலமாரியில் கிடந்ததெல்லாம் தனியாக இன்னொரு தட்டு. எல்லாரும் இவரிடம் படிக்கவேண்டும்.

கடைகள் பற்றிச் சுருக்கமாக. எச்எம்வி இசைக்கடை 2015இல் போய்விட்டது. சுங்கை ரோடு பழஞ்சாமான் சந்தை 2017 ஜூலையில் மூடியாயிற்று, அங்கே பாயை விரித்து எல்பி விற்ற கிழவரை அப்புறம் எங்குமே காணோம். பெனின்சுலா, எக்ஸெல்சியர், அடெல்ஃபி கடைத்தொகுதிகள் பக்கம் இன்னும் தட்டு கிடைக்கிறது. நம்மூர் ராக் குழு ஸ்வீட் சாரிட்டியின் எல்பி பழசாக ஒன்று பார்த்தேன், விலையைக் கேட்டு மெதுவாகக் கீழே வைத்துவிட்டேன். அதன் பாடகர் ராம்லி சாரிப் தேசிய கீதம் பாடிய பிறகு அவர் பழைய தட்டும் வைரமாகிவிட்டது போல.

தைப்பூசத்துக்கு வருகிறாய் என்று தங்கச்சி சொன்னாள். ஒரு வேலை இருக்கிறது. ஏசி/டிசியின் டிஎன்டி ஆல்பம் 1975இல் உன் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மட்டும் வந்தது. நாம் இங்கே கேட்ட ஹை வோல்டேஜ், அதிலிருந்தும் அதற்கு முந்தைய ஆல்பத்திலிருந்தும் பொறுக்கிச் சேர்த்தது. ஆல்பர்ட் லேபிள் பழைய பிரதி அங்கே பழைய தட்டுக் கடைகளில் வந்தால் எனக்காக எடுத்து வை. அட்டை கிழிந்திருந்தால் பரவாயில்லை, தட்டில் கீறல் மட்டும் வேண்டாம். வெளிச்சத்தில் சாய்த்துப் பார். காசை நீ வந்ததும் சிங்கப்பூர் வெள்ளியில் தருகிறேன், உன் டாலர் கணக்கெல்லாம் வேண்டாம்.

உன்,
பழைய பக்கத்து வீட்டான்