அணுமின் நிலையத்தில் மனிதத் தவறுகளை ஆராயும் முறை குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
கூடங்குளம் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்,
இராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்,
நியாமக் பவன், அணுசக்தி நகர், மும்பை – 400094.

பொருள்: விபத்து விசாரணையில் மனிதக் காரணிகளை முழுமையாக ஆராயக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அணுமின் நிலையத்துக்குள் ஒப்பந்த வேலைக்குப் போய் வருகிறார்கள். உலை வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு. அதற்காக இந்த மனு இல்லை. உள்ளே ஏதாவது நடந்தால், ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறோம்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்த விபத்து தாங்கள் அறியாததல்ல. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலோ, வால்வு மூடிவிட்டதுபோல அதற்கான விளக்கு அணைந்துவிட்டது. வால்வை மூடச் சொல்லிக் கட்டளை போனதா என்பதற்குத்தான் அந்த விளக்கு. வால்வு நிஜமாகவே மூடியதா என்று அது சொல்லாது. குளிர்விப்பதற்கான துணை நீர்வழியில் வால்வுகள் மூடிக் கிடந்ததைக் காட்டும் விளக்குகளில் ஒன்றைப் பராமரிப்பு அட்டை மறைத்துக்கொண்டு தொங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் அலறின. தண்ணீர் கூடிவிட்டதாக நினைத்து, பணியில் இருந்தவர்கள் அவசரக் குளிர்நீரைக் குறைத்தார்கள். உலையின் எரிபொருள் பாதியளவு உருகிப்போனது. அவர்கள் செய்தது தவறுதான், சரி. அந்த விளக்கை அப்படி அமைத்தவர்கள் யார்? 1977-இல் அதே நாட்டின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்திலும் இதே வகை வால்வு சிக்கியதே, அந்தச் செய்தி ஏன் இவர்களுக்குப் போய்ச் சேரவில்லை?

இங்கே 2014 மே மாதம் கூடங்குளத்தில் வெந்நீர் பீறிட்டு ஆறு பேர் காயமடைந்தனர். அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்களுக்கு உரிமத் தேர்வும் சிமுலேட்டர் பயிற்சியும் இருக்கின்றன. வால்வுக்குப் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்பவரைப் பற்றித்தான் எங்கள் கவலை. ‘இது சரியில்லையே’ என்று அவர் வாய் திறந்தால் மறுநாள் கேட் பாஸ் இருக்குமா என்ற பயம் அவருக்கு இருக்கக் கூடாது.

எனவே, நூலிழையில் தப்பிய சம்பவங்களை ஒப்பந்தத் தொழிலாளர்கள் பெயர் சொல்லாமல் நேரடியாக வாரியத்துக்கே தெரிவிக்க வழி செய்ய வேண்டும். எச்சரிக்கை அட்டைகளும் வேலை அனுமதிச் சீட்டுகளும் தமிழிலும் இந்தியிலும் இருக்க வேண்டும். ஒவ்வொரு விசாரணையிலும் வேலை நேரம், ஷிப்ட் மாறும்போது சொல்லப்பட்டவை, கருவியின் அமைப்பு, மேலிருந்து வந்த அவசரம் ஆகியவற்றையும் ஆராய்ந்து, சுருக்கத்தைத் தமிழில் வெளியிட வேண்டும். இதற்குத் தக்க உத்தரவு பிறப்பிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கூடங்குளம் சுற்றுவட்டாரப் பொதுமக்கள்