பள்ளிக்கூட மீன்தொட்டி மணல அள்ளிக் கொட்டிடாதீங்க, பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

நம்ம தோட்டத் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் அண்ணனுக்கும் செயலாளர் அக்காவுக்கும் கமிட்டில உள்ள எல்லாருக்கும் வணக்கம். நான் நாலாம் ஆண்டு பையனோட அப்பா. போன கூட்டத்துல கடைசி வரிசையில உக்காந்து கைய தூக்கினேன், மைக் என்கிட்ட வர்றதுக்குள்ள சாப்பிட மீ கோரேங் வந்துருச்சு, எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. அதனாலதான் எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

வாசல்ல இருக்கிற நாலடி தொட்டி விஷயம். வாங்கிப் போட்ட செடியெல்லாம் போச்சு, மணல்ல செடி வராது, மணல அள்ளிட்டு கடைக்காரர் சொன்ன கறுப்பு உருண்டை மண்ணு மூணு பை போடணும், 500 வெள்ளிக்கு மேல ஆகும், காசு பத்தலன்னா பிளாஸ்டிக் செடி வச்சுக்கலாம்னு பேசி முடிச்சீங்க. ரெண்டுமே வேணாம்னுதான் சொல்ல வந்தேன். உள்ள கிடக்கிறது ரெண்டு இன்ச் மணல், எப்படியும் 40 கிலோ வரும், அத எங்க கொட்டுவீங்க, பின்னாடி லோங்காங்கு சாக்கடையிலதான, அப்புறம் மழைக்கு அடைச்சுக்கிட்டு கேண்டீன்ல தண்ணி ஏறும்.

மணல்ல சத்து இல்ல, அது நெசம்தான். செடி நிக்க இடம் கொடுக்கும், சோறு போடாது, நாம போடுற சத்தையும் பெருசா புடிச்சு வச்சுக்காது. ஆனா இது நமக்கு புதுசா என்ன? பீடோர் பக்கம் ஈயம் எடுத்துட்டு விட்ட வெள்ள மணல் மேட்டுல புல்லே ஒழுங்கா மொளைக்காது, அந்த மாதிரி மணல்லதான் கோழிச் சாணத்த போட்டு கங்கோங் கீரைய கட்டு கட்டா அறுத்து லோரில ஏத்துறாங்க. எங்கம்மா 20 வருசம் செம்பனைக்கு உரம் போட்டவங்க, வாளிய இடுப்புல இடுக்கிக்கிட்டு ஒவ்வொரு மரத்தடியிலயும் வட்டமா வீசிக்கிட்டே போவாங்க, தோட்டம் பூரா வீச மாட்டாங்க, மரம் எங்க திங்குமோ அங்க மட்டும்தான். தொட்டிக்கும் அதேதான். ரூட் டேப்னு மாத்திரை மாதிரி விக்கிறாங்க, அமேசான் சோர்ட், கிரிப்டோகோரைன் மாதிரி வேரால திங்கிற செடிக்குப் பக்கத்துல அத விரலால மணலோட அடி வரைக்கும் அமுக்கி விட்டு மேல மூடிடணும், ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ திரும்ப வைக்கணும், அவ்வளவுதான் வேல.

இதப் படிச்சிட்டு யாராவது செம்பனை உரத்தையே ஒரு கை எடுத்துட்டு வந்துடாதீங்க. நான் பண்ணியிருக்கேன். மொத தொட்டி வச்சப்ப அம்மா மைலோ டின்னுல வச்சிருந்த உரத்துல ஒரே ஒரு கரண்டி எடுத்து மணலுக்குள்ள பொதைச்சேன், பெரிய புத்திசாலின்னு நெனப்பு. மறுநாள் காலையில பாத்தா 14 கப்பி மீனும் வாயப் பொளந்துக்கிட்டு மேல மெதக்குது. உரம் ராவோட ராவா கரைஞ்சு அமோனியா ஏறிருச்சு. தோட்டத்துல பெய்யிற மழை அடிச்சிட்டுப் போயிரும், கண்ணாடிக்குள்ள அது எங்க போகும்? அம்மா ஒன்னும் சொல்லல, டின்ன மட்டும் எடுத்து அலமாரி மேல வச்சிட்டாங்க.

சரி, பள்ளிக்கூடத்து செடி ஏன் செத்துச்சு? போன வாரம் பையன ஏத்த வந்தப்ப காவலுக்கு இருக்கிற ஜாகா அண்ணன்கிட்ட கேட்டுட்டு கைய விட்டுப் பாத்தேன். அனுபியாஸ் இருக்குல்ல, இஞ்சி மாதிரி படுத்தாப்ல ஒரு தண்டு இருக்குமே அது, அத கழுத்து வரைக்கும் மணல்ல பொதைச்சு வச்சிருக்காங்க, தொட்டதும் கொழகொழன்னு கையோட வந்துருச்சு, நாத்தம் வேற. அனுபியாஸ், ஜாவா பெர்ன் ரெண்டும் மணல்ல பொதைக்கிற செடியே இல்லங்க, அந்தத் தண்டு வெளிய இருக்கணும், கல்லுலயோ கட்டையிலயோ நூல் போட்டு கட்டி விட்டா வேர் தானா புடிச்சுக்கும். 500 வெள்ளி மண்ணுல பொதைச்சாலும் அழுகத்தான் செய்யும்.

அமேசான் சோர்ட் கதை வேற, அது சாகவே இல்ல. பண்ணையில அத அனேகமா தண்ணிக்கு மேலதான் வளக்குறாங்க, தொட்டியில முங்குனதும் பழைய இலை மஞ்சளாகி உருகிப் போகும், நடுவுல புதுக் குருத்து வரும், அது தண்ணிக்கேத்த இலை. கிரிப்டோகோரைன் இன்னும் மோசம், இடம் மாத்துனாலே மொத்த இலையும் கொட்டிட்டு மொட்டையா நிக்கும், வேர் உயிரோட இருக்கும். நம்ம நாட்டுக் காட்டு ஓடைங்கள்ல தானா வளர்ற குடும்பம் அது, நம்ம தண்ணிக்கு வராம எங்க போகப் போகுது. ரெண்டாவது வாரமே எல்லாத்தையும் புடுங்கி குப்பையில போட்டுட்டாங்க. டீச்சர் மேல தப்பு இல்ல, அவங்களுக்கு யாரும் சொல்லல.

ஒரு மூலையில பாலம் பொம்மைக்குப் பின்னாடி மட்டும் அஞ்சு இன்ச் குவிச்சிருக்காங்க, அங்க கிளறுனா கறுப்பா வந்து கூமுட்டை நாத்தம் அடிக்குது, காத்துப் போகாம இறுகுன மணல் அப்படித்தான் ஆகும். அத மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அள்ளி வெளிய எடுக்கணும், ஒரே மூச்சுல கலக்குனா மீனுக்கு ஆகாது. மிச்சத்த பகல்ல மணலுக்குள்ள பூந்து கிடக்கிற கூம்பு நத்தைங்க கிளறி விட்டுரும், வெள்ளக்காரன் அதுக்கு மலேசியன் ட்ரம்பெட் ஸ்நெயில்னு நம்ம நாட்டுப் பேரையே வச்சிருக்கான், நாம என்னடான்னா அத அசிங்கம்னு பொறுக்கிப் போடுறோம். பிள்ளைங்க தீனிய கொட்டுனா அதுங்க பெருகத்தான் செய்யும், அதுக்கு தீனி டப்பாவ பூட்டி வைங்க.

லைட்டு காலையில 7 மணிக்குப் போட்டா சாயங்காலம் 7 வரைக்கும் எரியுது, கண்ணாடி பூரா பாசி. ஆறேழு மணி நேரம் போதும். இன்னொன்னு, கமிட்டில ஒருத்தர் லுமுட் போனா மணல் அள்ளிட்டு வரேன்னாரு, வேணாம் அண்ணே, கடல் மணல்ல கிளிஞ்சல் தூள் இருக்கும், கொஞ்சம் வினிகர் ஊத்துனா நொரைக்கும், அது தண்ணிய கடினமாக்கிரும்.

செடிக்கும் ரூட் டேபுக்கும் 100 வெள்ளிக்குள்ளதான் ஆகும், நானே போட்டுக்கிறேன். வர்ற சனிக்கிழமை கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேந்து துப்புரவு பண்ற அன்னைக்கு ரெண்டு பக்கெட்டோட வரேன், அது வரைக்கும் தொட்டிய யாரும் தொட வேணாம்னு வாட்சாப் குரூப்புல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நட்டதுக்கு அப்புறம் ஆறு வாரம் எந்த இலை கருகினாலும் எனக்குப் போன் பண்ணாம புடுங்காதீங்க. அப்புறம் அந்த நத்தைங்க, என் பையன் எண்ணி நோட்டுல எழுதி வச்சிருக்கான், 23 இருக்காம்.