ஞாயிறு சைக்கிள் பயணம்: தாராசுரம், பட்டீஸ்வரம், பழையாறை

நண்பர்களே, வணக்கம். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கும் நம் பேட்ச் நண்பர்கள் எல்லோரும் சேர்ந்து ஜனவரி 18, ஞாயிறு காலை சைக்கிளில் போகிறோம்.

1. காலை 6 மணிக்கு கும்பகோணம் மகாமகக் குளம் மேல்கரையில் கூடுவோம். போக வர சுமார் 20 கிலோமீட்டர். மேடே கிடையாது, சாதாரண சைக்கிளே போதும்.

2. முதலில் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். தேர் வடிவ மண்டபத்தின் கல் சக்கரங்களையும் இழுக்கும் குதிரைகளையும் நிதானமாகப் பார்க்கலாம், அவசரம் வேண்டாம். அப்புறம் பட்டீஸ்வரம், பழையாறை. சோழர்களின் தலைநகராக இருந்த பழையாறை இன்று வயல்களுக்கு நடுவே அமைதியான கிராமம். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

3. பனி இருக்கும். முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

4. அறுவடை நேரம். சாலையில் நெல் காயப்போட்டிருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். தயவுசெய்து ஒரு மணி மேல்கூட ஏற்ற வேண்டாம்.

5. தண்ணீர், தொப்பி, பஞ்சர் கிட். காலை டிபன் பட்டீஸ்வரத்தில்.

6. பிள்ளைகளை அழைத்து வருபவர்கள் வயதையும் சொல்லுங்கள்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள். சைக்கிள் இல்லாதவர்கள் இன்றே சொன்னால் ஏற்பாடு செய்கிறேன்.