ஞாயிறு படம்: இடம் மாற்றம்

நண்பர்களே, ஞாயிறு மாலை 6.30 மணிப் படம் மொட்டைமாடியில் இல்லை; கீழே, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள். போன மாதம் தூறலில் திரைச்சீலை நனைந்து, முடிவைப் பார்க்காமலே கலைந்தோம்.

'ஸ்ட்ராபெர்ரி அண்டு சாக்லெட்', 1993இல் வந்த கியூபப் படம். கதை நடப்பது 1979, ஹவானா. எல்லோருக்குமான புரட்சி என்றார்கள். தன்பாலீர்ப்பாளனான தியேகோவுக்கு அதில் இடமில்லை. ஐஸ்கிரீம் கடையில் சாக்லெட் இருந்தும் ஸ்ட்ராபெர்ரியை வாங்கிச் சுவைக்கிறான். எதிரே உட்கார்ந்திருக்கும் கம்யூனிஸ்ட் மாணவன் தாவீதுக்கு ஆளை எடைபோட அதுவே போதுமாக இருக்கிறது! அந்தக் காட்சிக்காகவே வரலாம். சிறுபிள்ளைகள் வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல் சில்லென்றிருக்கும், பாய் கொண்டுவாருங்கள். ஆச்சி சீப்புச் சீடை சுட்டுத் தருகிறார்கள். ஐஸ்கிரீம் கேட்டு அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள்.